கிழங்கு மாவுப் பனி

ஒன்பது நாள் ஓடியது படம்.
பத்தாம் நாள் அதே திரையில்
பேசும் பூனைக்குட்டிகள் வந்துவிட்டன.

ஹெல்சிங்கியில் ஒரு ரொட்டிக்கடைக்கு அடியில்
ஜன்னலில்லாத நிலவறை என் வேலையிடம்.
படத்தில் யார் நடந்தாலும்
நடப்பது நான்தான்.
முகம் அவர்களுடையது. பாதம் என்னுடையது.

கதை உங்களுக்குத் தெரிந்திருக்காது, சொல்கிறேன்.
கெர்த்து, காப்பீட்டு அலுவலகத்துக்காரி.
ஓநாய் தின்றதாய்ச் சொல்லப்படும் பதினோரு பனிமான்களுக்கு
இழப்பீடு தரலாமா என்று பார்க்க
லாப்லாந்துக்கு வந்தவள்.
நீல்லாஸ், அந்த மான்களின் சொந்தக்காரன்.
‘பொய்க்கணக்கு’ என்று அவள் எழுதி முடித்த தாள்
அவள் பையிலேயே இருக்கிறது.
ஏரி விரிசல் விட்டு வண்டி மூழ்கிய இடத்திலிருந்து
குடிசைக்கு நாற்பது கிலோமீட்டர்.
பின்னால், மரங்களுக்குள், துப்பாக்கியோடு ஒருவன்.
அவளுடைய கேமராவில் அவன் முகம் விழுந்திருப்பது
அவளுக்கே தெரியாது.

எலிக்கும் பூனைக்கும்கூட
ஒரு பழக்கம் இருக்கும்.
இவர்களுக்கு அதுவுமில்லை.
இருப்பது ஒரே தீப்பெட்டி.
அது யார் சட்டைப்பையில் இருப்பது என்று
பன்னிரண்டு நிமிடம் சண்டை.
ஹெல்சிங்கி விமர்சகர் ‘இழுவை’ என்றது
அந்தப் பன்னிரண்டு நிமிடத்தைத்தான்.

தரையில் பரப்பிய தோல்பைக்குள்
உருளைக்கிழங்கு மாவு.
மிதித்தால் பனி.
அவளுக்கு நகரத்து பூட்ஸ்:
சரக். நின்று, யோசித்து, சரக்.
அவனுக்கு மான்தோல் காலணி:
நெறுநெறுவென்று நிற்காத நடை.
செவ்வாய் முழுக்க அவளாக நடந்தேன் ஒரு தடத்தில்.
புதன், அவனாக, இன்னொரு தடத்தில்.
நெருப்புக்கு மிட்டாய்த் தாள் கசக்கினேன்.
அவன் விலா முறிந்தது ஒரு செலரித் தண்டில்;
மிச்சத் தண்டு இரவு சூப்பில் வெந்தது.
துரத்துகிறவனுக்குக் காலடி வேண்டாம் என்றார் இயக்குநர்.
ஆகவே மைக்கை ஓடவிட்டு
மூலையில் சும்மா நின்றேன்,
மூச்சைக்கூட ஒளித்துக்கொண்டு.
அதுதான் அவன்.

அறுபத்துமூன்றாம் நிமிடம்.
“உன் கையெழுத்துக்காக என் மான்கள்
இன்னொரு தடவை சாகணுமா?” என்கிறான்.
அவள் பதில் சொல்லவில்லை, நடக்கிறாள்.
இரண்டு தடங்களையும் சேர்த்து ஓட்டினேன்.
கேட்டது ஒருவர் நடக்கும் சத்தம்.

என் பிழை என்று நினைத்தேன்.
இரண்டு பேரும் என் கால்கள்தானே,
எங்கோ சோர்ந்து ஒன்றாகிவிட்டன போல.
சத்தத்தை அணைத்துப் படத்தை மட்டும் பார்த்தேன்.
பிழையில்லை.
அவன் எட்டைச் சுருக்கியிருந்தான்,
அவளுக்கு எட்டும்படி.
இயக்குநரிடம் சொன்னேன்.
“அப்படியா?” என்று காபி குடித்தார்.
திரைக்கதையில் அவர்கள் சமாதானமாவது
தொண்ணூறாம் நிமிடத்தில்.
கால்கள் இருபத்தேழு நிமிடம் முன்பே
பேசி முடித்துவிட்டன.

மார்ச்சில், தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு.
பெயர் ஓலா, மீட்புப் படையில் பனிவண்டி ஓட்டுகிறவர்.
சோதான்குலா நகர மண்டபத்தில்
ஆறு பேரோடு பார்த்தாராம்.
நடிப்பைப் பற்றிப் பேச்சில்லை.
தீப்பெட்டியைப் பற்றியுமில்லை.
“அந்த ஏரி தாண்டிய பிறகு வரும் நடை,
மைனஸ் பதினெட்டில் எடுத்ததுதானே?
பூஜ்யத்தில் பனி சொதசொதக்கும்.
முப்பதில் கிறீச்சிடும், பல் கூசும்.
இது பதினெட்டு.
இதே சத்தத்தைப் பிடித்துக்கொண்டு
ஆட்களைத் தேடிப் போயிருக்கிறேன்.”

நிலவறையில் அன்று இருபத்திரண்டு டிகிரி.
மேலே ஏலக்காய் ரொட்டி வெந்துகொண்டிருந்தது.
என் குதிகால் வெடிப்பில்
இன்னும் கொஞ்சம் மாவு.

“ஆமாம்,” என்றேன்.
“பதினெட்டுதான்.”